விண்வெளிப் படங்களுக்கு ஒரு சிறு செயலி: கல்லடியிலிருந்து ஒரு செய்முறை

என் அக்காவின் மகள் தரம் 7இல் படிக்கிறாள். ஒரு நாள் வாட்ஸ்அப்பில் வந்த படமொன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். செம்மண் நிறத்தில் மலை முகடுகள், அவற்றுக்கு மேலே கருநீல வானம், வானம் முழுக்க நட்சத்திரங்கள். "மாமா, இது எந்த நாட்டு மலை?" என்று கேட்டாள்.

அது மலையே அல்ல. பூமியிலிருந்து ஏறத்தாழ 7,600 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் கரினா நெபுலாவின் ஓர் ஓரம், வாயுவும் தூசியும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எடுத்த அந்தப் படம் 2022 ஜூலை 12 அன்று வெளியானது. அந்த 'முகடு'களில் மிக உயரமானவை ஏழு ஒளியாண்டு அளவு. படத்தை வெளியிட்டவர்கள் இவ்வளவையும் கூடவே எழுதித்தான் வைத்தார்கள். கை மாறிக் கை மாறி அவளிடம் வந்து சேர்வதற்குள் குறிப்பு கழன்று விழுந்துவிட்டது. குறிப்பில்லாத விண்வெளிப் படம் சுவரில் ஒட்டுகிற நாட்காட்டிப் படத்துக்குச் சமம் என்பது என் எண்ணம். அதனால்தான் அவளுக்காக ஒரு செயலி செய்ய உட்கார்ந்தேன்: நாளொரு படம், கீழே தமிழில் நல்ல குறிப்பு. வேறொன்றும் இல்லை.

மென்பொருள் எழுதுவது எனக்குத் தொழில். ஆனால் இந்தச் செயலிக்குத் தொழில்முறை அனுபவம் தேவையில்லை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் தாராளமாகச் செய்யலாம். எச்டிஎம்எல் கொஞ்சம், ஜாவாஸ்கிரிப்ட் கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும். ஒரு மடிக்கணினி, விஷுவல் ஸ்டூடியோ கோட் போன்ற இலவச எழுதி ஒன்று, ஓர் உலாவி. செலவு இணைய டேட்டா மட்டும்தான்.

கைத்தொலைபேசிக்கென்று தனிச் செயலியாகத் தொடங்க வேண்டாம். முதலில் வலைச் செயலியாகச் செய்யுங்கள். எந்தத் தொலைபேசியிலும் திறக்கும். முகப்புத் திரையில் சேர்த்துக்கொண்டால் மற்றச் செயலிகளைப் போலவே நிற்கும். தனிச் செயலி செய்ய உதவும் பிளட்டர் போன்ற கருவிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நிரலுக்கு முன்னர் தரவு

புதியவர்கள் அநேகர் முதல் நாளே திரையை அழகுபடுத்தத் தொடங்கி, மூன்றாம் நாள் சலித்துப்போய் விடுகிறார்கள். முதல் மாலையில் ஒரு வரிகூட நிரல் எழுதாதீர்கள். உலாவியைத் திறந்து தரவை மட்டும் வாசியுங்கள்.

தேவையான வாசல்கள் இரண்டு. முதலாவது நாசாவின் 'அன்றைய வானியல் படம்'. 1995 ஜூன் 16 முதல் நாளுக்கு ஒரு படம் என்று வந்துகொண்டிருக்கிறது. நாசாவின் ஏபிஐ தளத்தில் அதற்கான முகவரி இருக்கிறது (ஏபிஐ என்பது ஒரு நிரல் இன்னொன்றிடம் தரவு கேட்டு வாங்கும் வழி). அதை உலாவியில் இட்டால் ஜேசன் என்ற எளிய உரை வடிவில் பதில் வரும்: தலைப்பு, திகதி, விளக்கம், படத்தின் முகவரி, பெரிய படத்தின் முகவரி, ஊடக வகை. சில நாட்களில் 'காப்பிரைட்' என்ற புலம் ஒன்றும் கூட வரும். அதைக் கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டாவது நாசாவின் படம், காணொளி நூலகம். இதில் தேட அனுமதித் திறவுகோல் எதுவும் வேண்டியதில்லை. 'சட்டர்ன்' என்று ஆங்கிலத்தில் தேடினால் சனிக் கிரகத்தின் படங்கள் குவியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாசா அடையாள எண். அந்த எண்ணைக் கொடுத்துக் கேட்டால் அதே படத்தின் வெவ்வேறு அளவுக் கோப்புகளின் பட்டியல் வரும். அந்தப் பட்டியலில் முகவரிகள் பாதுகாப்பற்ற எச்டிடிபி என்றே தொடங்கியிருக்கும். அப்படியே பயன்படுத்தினால் உங்கள் பாதுகாப்பான பக்கத்தில் உலாவி அவற்றுடன் முரண்படும். எச்டிடிபிஎஸ் என்று மாற்றிவிட்டுப் பயன்படுத்துங்கள். முகவரியில் இடைவெளி இருந்தால் அதையும் குறியேற்ற (%20 என்று மாற்ற) வேண்டும். நான் ஒரு மாலை முழுவதும் இழந்தது எச்டிடிபிஎஸ்ஸில் உள்ள அந்த ஓர் 'எஸ்' எழுத்துக்காகத்தான்.

திறவுகோல்

முதலாவது வாசலுக்கு ஏபிஐ திறவுகோல் வேண்டும். பரீட்சித்துப் பார்க்க 'டெமோ கீ' என்ற பொதுத் திறவுகோல் உண்டு. ஆனால் ஓர் இணைய முகவரியிலிருந்து மணிக்கு 30 தடவை, நாளுக்கு 50 தடவை மட்டுமே அது திறக்கும். பாடசாலைக் கணினி அறையில் இருபது பிள்ளைகள் ஒரே இணைப்பில் இருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பெயரும் மின்னஞ்சலும் கொடுத்தால் உங்களுக்கென்று ஒரு திறவுகோல் இலவசமாகக் கிடைக்கும்; அதற்கு மணிக்கு 1,000 தடவை.

அந்தத் திறவுகோலைப் பக்கத்தின் நிரலுக்குள் எழுதினால் யாரும் எடுத்துப் பார்க்கலாம். அதற்கு நான் கண்ட வழி இதுதான்: நிரல்களைச் சேமித்து வைக்கும் இணையத் தளமான கிட்ஹப்பில் உங்கள் நிரலை வைத்து, கிட்ஹப் ஆக்ஷன்ஸ் என்ற வசதியைக் கொண்டு நாளுக்கு ஒரு முறை நாசாவிடம் கேட்கச் செய்யுங்கள். வரும் பதிலை ஒரு ஜேசன் கோப்பாக அங்கேயே சேமியுங்கள். திறவுகோல் கிட்ஹப்பின் இரகசியப் பெட்டிக்குள் இருக்கும். உங்கள் செயலி நாசாவின் ஏபிஐயைத் தொடுவதே இல்லை. உங்கள் கோப்பை மட்டும் வாசிக்கிறது. பத்துப் பேர் பார்த்தாலும் பத்தாயிரம் பேர் பார்த்தாலும் அந்த ஏபிஐக்குப் போகும் கேள்வி நாளுக்கு ஒன்றே ஒன்று.

ஒரு திரை

திரை விடயத்தில் அதிகம் சொல்ல இல்லை. மேலே படம், கீழே தலைப்பு, அதன் கீழே குறிப்பு. முன்னைய நாள், அடுத்த நாள் என்று இரண்டு பொத்தான்கள். விருப்பப் பட்டியல், கணக்குத் திறத்தல், அறிவித்தல் எல்லாம் ஆறு மாதம் கழித்து. கருப்புப் பின்னணியில் சாம்பல் எழுத்து வீட்டுக்குள் அழகாகத்தான் இருக்கும். மத்தியானம் கல்லடிக் கடற்கரையில் நின்று வாசித்துப் பாருங்கள். ஒரு சொல் தெரியாது. எழுத்து நல்ல வெள்ளையாக இருக்கட்டும்.

ஊடக வகையை மட்டும் முதலிலேயே சோதியுங்கள். சில நாட்களில் படத்துக்குப் பதில் காணொளி வரும். அதைப் படமென்று நம்பித் திறக்கப் போனால் வெறும் கட்டம்தான் நிற்கும். அந்த நாட்களில் சேமிப்பிலிருந்து வேறொரு படத்தைக் காட்டுவதே நல்லது.

அங்கே நள்ளிரவு, இங்கே காலை

செயலி ஓடத் தொடங்கிய முதல் வாரம். அப்போது நான் கிட்ஹப் வழியைக் கண்டுபிடித்திருக்கவில்லை. செயலியே நேராக நாசாவிடம் கேட்டுக்கொண்டிருந்தது. காலை ஆறரைக்கு மருமகள் பள்ளிச் சீருடையோடு வந்து நின்றாள். "மாமா, இன்றைக்குப் படம் வரவில்லையே." திறந்து பார்த்தேன், பிழைச் செய்தி. பத்தரை மணிக்கு நான் மறுபடி திறந்தபோது படம் இருந்தது. அடுத்த நாள் காலையும் அதே கதை: அவளுக்கு வராது, எனக்கு வரும்.

காரணம் கடிகாரம். தொலைபேசியிடம் இன்றைய திகதியைக் கேட்டு அதை நாசாவுக்கு அனுப்பினேன். மட்டக்களப்பில் காலை ஆறரை என்றால் அமெரிக்கக் கிழக்குக் கரையில் முந்திய நாள் இரவு. கோடை நேரத்தில் ஒன்பது மணி. அங்கே இன்னும் பிறக்காத நாளின் படத்தைக் கேட்டால் 1995 ஜூன் 16க்கும் 'இன்றைக்கும்' இடையிலான திகதியைக் கொடு என்று பதில் வருகிறது. அவர்களுடைய 'இன்று' அது. அங்கே நள்ளிரவு ஆகும்போது இங்கே கோடையில் காலை 9.30, குளிர்காலத்தில் 10.30.

ஆகவே மூன்று விதிகளை வைத்துக்கொள்ளுங்கள். திகதியை அனுப்பாமல் கேளுங்கள். அவர்கள் தரும் அண்மைய படத்தை ஏற்று, பதிலில் இருக்கும் திகதியையே திரையில் காட்டுங்கள். கிட்ஹப் ஆக்ஷன்ஸின் மணிக்கூடு உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. அதில் காலை 6 என்று வைத்தால் நமக்கு 11.30. இரண்டு பருவத்துக்கும் அது பாதுகாப்பான நேரம். சில நேரம் சற்றுத் தாமதித்து ஓடும், அதனால் பாதகம் இல்லை. கடைசியாக, புதிய படம் வராவிட்டால் பிழைச் செய்தியைக் காட்டவே வேண்டாம். கையில் இருக்கும் கடைசிப் படத்தைக் காட்டுங்கள். காலையில் பார்க்கிற பிள்ளை முதல் நாள் படத்தைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்குப் போகட்டும்.

எடை

நாசாவின் பெரிய படம் பல மெகாபைட் இருக்கும். நாளாந்த டேட்டாப் பொதி போட்டுப் பாவிக்கிற வீட்டில் அது சின்ன விடயம் அல்ல. அதைவிடப் பெரிய சிக்கல் நினைவகம். 4,000க்கு 4,000 புள்ளி (பிக்சல்) அளவுள்ள படம் கோப்பாக இருக்கும்போது மூன்று மெகாபைட்டாக இருக்கலாம். திரையில் விரிக்கும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு பைட். 1.6 கோடிப் புள்ளிகளுக்கு 64 மெகாபைட். பட்டியலில் பத்துப் படம் இருந்தால் பழைய தொலைபேசி மூச்சுவிடாது. அம்மாவின் தொலைபேசியில் என் முதற்பதிப்பு திறந்த உடனே மூடிக்கொண்டது.

படநூலகத்தில் ஒரே படம் தம்ப், ஸ்மால், மீடியம், லார்ஜ், ஒரிஜினல் என்று பல அளவில் இருக்கும் என்றேன் அல்லவா? பட்டியலுக்குத் தம்ப், முழுத்திரைக்கு மீடியம். பெரிய படம் வேண்டுமென்று கேட்பவருக்கு மட்டும், எத்தனை மெகாபைட் என்று சொல்லிவிட்டு, லார்ஜ்.

சிறிதாக்குவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. 1990 பெப்ரவரி 14 அன்று, ஏறத்தாழ 600 கோடி கிலோமீற்றர் தூரத்திலிருந்து, வொயேஜர் 1 விண்கலம் பூமியைத் திரும்பிப் பார்த்து எடுத்த படத்தை எல்லோருக்கும் தெரியும். அதில் பூமி ஒரு முழுப் புள்ளிகூட இல்லை. ஒரு புள்ளியின் 0.12 பங்கு. என் செயலி அதைப் பட்டியலுக்காக 160 புள்ளி அகலத்துக்குச் சுருக்கியபோது அக்கம்பக்கத்துப் புள்ளிகளோடு கலந்து பூமி இல்லாமலே போய்விட்டது. ஒளிக்கீற்று இருந்தது, இருட்டு இருந்தது, நாம் இல்லை. எந்த ஒரு புள்ளிக்காக அந்தப் படத்தை வைத்திருக்கிறோமோ அதையே என் நிரல் அழித்துவிட்டது.

இதற்கு வழி, சுருக்காமல் வெட்டுவது. ஒவ்வொரு படத்திலும் கண் போக வேண்டிய இடத்தை நீங்களே பார்த்து, மேலிருந்து இத்தனை வீதம், இடமிருந்து இத்தனை வீதம் என்று கோப்பில் எழுதி வையுங்கள். பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில் படத்தைக் கட்டத்துக்குள் பொருத்தும் பண்பும், எந்த இடத்தை மையமாகக் கொள்வது என்ற பண்பும் உண்டு. அந்த வீதங்களை அங்கே கொடுத்தால் போதும்.

பார்த்த படங்களைத் தொலைபேசியிலேயே சேமித்து வைக்க சர்வீஸ் வொர்க்கர் என்ற வசதியைப் பயன்படுத்துங்கள். மார்கழி மழையில் மின்சாரம் போனால் வீட்டு வைஃபையும் கூடவே போகும். மேகம் மூடி வானத்தில் ஒன்றும் தெரியாத அந்த இரவுகளில்தான் பிள்ளைகள் இந்தச் செயலியை அதிகம் திறக்கிறார்கள்.

குறிப்பு

மற்றப் படிகளை இரண்டு வாரத்தில் முடிக்கலாம். இதற்கு முடிவில்லை. நாசாவின் ஆங்கில விளக்கத்தை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டு அப்படியே ஒட்டலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். நான் போட்டுப் பார்த்தபோது வானின் ஒரு சிறு பரப்பை நீண்ட நேரம் நோக்கி எடுத்த 'டீப் ஃபீல்ட்' படம் 'ஆழமான வயல்' ஆகி வந்தது. வயல்கள் சூழ்ந்த படுவான்கரைப் பிள்ளை அதை வாசித்தால் என்ன நினைக்கும்? இயந்திரம் தருவதைக் கரட்டு வரைவாக வைத்துக்கொண்டு, நீங்களே புதிதாக எழுதுங்கள்.

முதலில் பத்துப் படத்தை மட்டும் கையால் பொறுக்கி எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இவற்றைச் சொல்லுங்கள்: எந்தக் கருவி, எப்போது, எங்கே நின்று எடுத்தது; நிறம் எப்படி வந்தது; எவ்வளவு பெரிது. என் செயலியின் முதற்குறிப்பு இப்படி இருக்கிறது:

"1968 டிசெம்பர் 24. சந்திரனைச் சுற்றிக்கொண்டிருந்த அப்பலோ 8 விண்கலத்திலிருந்து வில்லியம் அண்டர்ஸ் ஹாசல்பிளாட் கமராவில், வண்ணப் படச்சுருளில் எடுத்தது. கீழே தெரிவது சந்திரனின் தரை, மேலே பூமி. அவர் எடுத்த கோணத்தில் சந்திரனின் விளிம்பு செங்குத்தாக நின்றது. நாம் பார்த்துப் பழகியது திருப்பி வைத்த படம்."

நிறம் பற்றிய வரியைத் தவறவிடாதீர்கள். வெப் தொலைநோக்கி பார்ப்பது அகச்சிவப்பு ஒளியை. நம் கண்ணுக்கு அது தெரியாது. அலைநீளம் கூடியதற்குச் சிவப்பு, குறைந்ததற்கு நீலம் என்று ஒழுங்காக நிறம் கொடுக்கிறார்கள். அது பொய்யல்ல, பெயர்ப்பு. ஆனால் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

அளவை நம் ஊர் அளவில் சொல்லுங்கள். செவ்வாயில் பெர்சிவியரன்ஸ் ஊர்தி 2021 பெப்ரவரி 18 அன்று இறங்கிய ஜெசேரோ பள்ளத்தின் அகலம் ஏறத்தாழ 45 கிலோமீற்றர். இந்த எண்ணைச் சொன்னபோது மருமகளின் முகத்தில் மாற்றமில்லை. மட்டக்களப்பில் பஸ் ஏறிக் கல்முனையைத் தாண்டிப் போகிற தூரம் முழுக்க ஒரே பள்ளம் என்றேன். அந்தப் பஸ்ஸில் அவள் எத்தனையோ முறை போயிருக்கிறாள். படத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள்.

தமிழ் எழுத்தில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் உண்டு. பட்டியலில் நீண்ட தலைப்பை நிரல்வழி வெட்டுவீர்கள். 'விண்மீன்' என்ற சொல் நமக்கு நான்கு எழுத்து: வி, ண், மீ, ன். கணினிக்கு எட்டு, ஒவ்வொரு விசிறியையும் புள்ளியையும் தனியாக எண்ணுகிறது. ஏழில் வெட்டினால் 'விண்மீன' என்று புள்ளியிழந்து நிற்கும். ஜாவாஸ்கிரிப்டில் உள்ள இன்டல் செக்மென்டர் நாம் எண்ணுவது போலவே எண்ணும். அதைக் கொண்டு வெட்டுங்கள். எழுத்துகளுக்கிடையே கூடுதல் இடைவெளி கொடுக்காதீர்கள். வரிகளுக்கிடையே கொஞ்சம் தாராளமாகக் கொடுங்கள், கொம்பும் சுழியும் இடிபடாது.

எந்தப் படத்தைக் காட்டுவது என்பதிலும் யோசனை வேண்டும். நூலகத்தில் இலங்கையின் பெயரைத் தேடி, வருவதில் ஏதோ ஒன்றைத் தானாகக் காட்டும் வசதியை நான் சேர்த்திருந்தேன். 2004 டிசெம்பர் 26 அன்று டெரா செயற்கைக்கோள் எடுத்த, இலங்கையின் தென்மேற்குக் கரையோரத்துச் சுனாமி அலைகளின் படம் அதில் வந்தது. அறிவியலுக்கு அது அரிய படம். ஆனால் மட்டக்களப்பின் கல்லடியிலும் நாவலடியிலும் திருச்செந்தூரிலும் அந்தக் காலையில் ஆட்களை இழந்த வீடுகள் இருக்கின்றன. காலைத் தேநீரோடு செயலியைத் திறக்கும் ஒருவர் முன்னால் அதை முன்னறிவிப்பில்லாமல் போடக் கூடாது. படத்தை நீக்கவில்லை, தேடி வருபவருக்கு மட்டும் திறக்கும்படி வைத்தேன். தானாகத் தெரிவு செய்யும் வசதியை எடுத்துவிட்டேன்.

உரிமை

நாசா தானே எடுத்த படங்களுக்குப் பொதுவாகப் பதிப்புரிமை இல்லை. நாசாவின் பெயரைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். அதன் இலச்சினையை உங்கள் செயலியின் சின்னமாக வைக்காதீர்கள்; நாசாவின் அங்கீகாரம் பெற்றது போலக் காட்டாதீர்கள். ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஹபிள், வெப் தளங்களில் உள்ள படங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர் குறிப்பிடல் 4.0 உரிமத்தில் வருகின்றன. அங்கே எழுதியிருக்கும் நன்றிவரியை முழுமையாகப் போட வேண்டும். 'அன்றைய வானியல் படம்' மட்டும் கவனம். அதில் பல படங்கள் தனிப்பட்ட வானியல் படப்பிடிப்பாளர்களுடையவை. முன்னர் சொன்ன 'காப்பிரைட்' புலம் வந்தால் படம் அவர்களுக்குச் சொந்தம். அனுமதி கேளுங்கள், இல்லையேல் அந்த நாளைத் தாண்டி வேறு படம் போடுங்கள். இரவிரவாகக் குளிரில் நின்று எடுத்தவருடைய உழைப்பு அது.

வெளியிடுதல்

கிட்ஹப் பேஜஸில் இலவசமாக வெளியிடலாம். முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வேலை முடிந்தது. கூகுள் பிளே ஸ்டோரில்தான் வர வேண்டும் என்று ஆசைப்பட்டால் ஒருமுறைக் கட்டணம் 25 டொலர். புதிதாகத் தனிநபர் கணக்குத் தொடங்குபவர்கள், பொதுவில் விடுமுன், குறைந்தது 12 பேரைக் கொண்டு 14 நாள் தொடர்ந்து சோதிக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது.

பன்னிரண்டு பேரை எங்கே தேடுவது என்று பயப்பட வேண்டாம். எனக்கு ஒழுங்கைக்குள்ளேயே கிடைத்தார்கள்: அக்கா, அத்தான், மருமகளின் வகுப்புத் தோழிகளின் வீட்டார், மூலைக் கடை அண்ணன், ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர். ஒவ்வொருவரிடமும் "நல்லாயிருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஓம் என்றுதான் சொல்வார்கள். தொலைபேசியைக் கையில் கொடுத்துவிட்டு, பேசாமல் பக்கத்தில் இருந்து பாருங்கள். எங்கே விரல் தயங்குகிறது, எந்தச் சொல்லில் கண் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கடை அண்ணன் 'சோல்' என்ற சொல்லில் நின்றார். செவ்வாயின் ஒரு நாள், 24 மணி 39 நிமிடம் 35 செக்கன் என்று நான் வாயால் விளக்கினேன். "அதை அங்கேயே எழுதிவிடலாமே தம்பி" என்றார். அன்று பின்னேரமே குறிப்பில் சேர்த்தேன்.